பக்கம் திறக்கும் முன் வரும் அந்தத் தாமதம்: டிஎன்எஸ் சர்வரை அளந்து தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

ஒரு தளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். சில நொடிகள் வெள்ளைத் திரை. அப்புறம் படபடவென்று மொத்தப் பக்கமும் வந்துவிடுகிறது. பெரிய கோப்பை இறக்கினால் வேகத்துக்குக் குறையே இல்லை. வேகச் சோதனைத் தளமும் நல்ல எண்ணைத்தான் காட்டுகிறது. ஆனாலும் உலாவும்போது மட்டும் ஏதோ இழுக்கிறது.

இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் அமைப்பை. யாரிடம் கேட்டாலும் உடனே ஒரு பதில் வரும்: “1.1.1.1 போடுங்கள், சரியாகிவிடும்.” (அது ஒரு பொது டிஎன்எஸ் சர்வரின் எண்.) பல நேரம் சரியாகவும் ஆகும். சில நேரம் ஒன்றும் மாறாது. வேறு சில நேரம், பக்கங்கள் சட்டென்று திறக்கும், வீடியோ மட்டும் முன்பைவிட மெதுவாகத் தொடங்கும். எனக்கு நடந்தது இந்த மூன்றாவது. பதில் சொல்வதில் எந்த சர்வர் வேகம் என்று மட்டும் பார்த்து மாற்றியிருந்தேன். அந்தப் பதில் என்னை எங்கே அனுப்புகிறது என்று பார்க்கவில்லை. இந்த வழிகாட்டியில் அந்த இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு மாற்றும் முறையைச் சொல்கிறேன்.

பெயர் எப்படி முகவரி ஆகிறது

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரி என்ற எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. நாம் தட்டும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பொறுப்பைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் பிரவுசர் தன் கேஷில் தேடுகிறது. கேஷ் என்றால், ஒருமுறை கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளும் இடம். அங்கே இல்லையென்றால் இயங்குதளத்தின் கேஷ். அங்கேயும் இல்லையென்றால் கேள்வி வெளியே போகிறது, பெரும்பாலும் வீட்டு ரூட்டர் வழியாக ‘ரிசால்வர்’ எனப்படும் சர்வருக்கு. நாம் பேச்சுவழக்கில் ‘டிஎன்எஸ் சர்வர்’ என்று சொல்வது இந்த ரிசால்வரைத்தான். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் இணைய நிறுவனம் கொடுத்த ரிசால்வர்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ரிசால்வரிடமும் விடை இல்லாவிட்டால் அது மூன்று கட்டமாக விசாரிக்கிறது. முதலில் வேர் சர்வர் (அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் தலைமைச் சர்வர்). பிறகு ‘காம்’, ‘ஆர்க்’ போன்ற கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சர்வர். கடைசியாக அந்தத் தளத்துக்கே உரிய அதிகாரபூர்வ சர்வர். ஒவ்வொரு விடையோடும் ‘டிடிஎல்’ என்ற கெடு வரும். அந்தக் கெடு முடியும்வரை திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ‘காம்’ சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்ற விடைக்குக் கெடு 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். அதனால் நல்ல ரிசால்வர் வேர் சர்வர் வரை போவது அபூர்வம். தளங்களின் சொந்த முகவரிக்கோ பல இடங்களில் கெடு 60 நொடி, 300 நொடி என்றுதான் வைத்திருப்பார்கள். அதனால் கடைசிக் கட்டத்துக் கேள்விதான் அடிக்கடி நடக்கும்.

பலர் பயன்படுத்தும் ரிசால்வருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் அதே பெயரைக் கேட்டிருப்பார், விடை தயாராக இருக்கும்.

எவ்வளவு நேரம் போகிறது

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ரிசால்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே குறைந்தது 10 மில்லிவினாடி (ஒரு நொடியில் ஆயிரம் மில்லிவினாடி). வழியில் இருக்கும் ரூட்டர்கள், வைஃபை நெரிசல் எல்லாம் அதற்கு மேல்.

முகவரி கிடைத்ததும் பக்கம் வந்துவிடாது. இணைப்பை ஏற்படுத்த ஒரு போய்வரல், மறையாக்கத்தை இரு பக்கமும் பேசி முடிக்க (டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையின் 1.3 பதிப்பு என்றால்) இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. தளத்தின் சர்வர் 50 மில்லிவினாடி தொலைவில் இருந்தால் இதற்கே 150 ஆகிவிடும். இதில் டிஎன்எஸ் 40-லிருந்து 10-க்குக் குறைந்தால் மிச்சம் 30 மில்லிவினாடி. ஒரே ஒரு பெயர் என்றால் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் ஒரு செய்திப் பக்கம் ஒரே பெயரோடு நிற்பதில்லை. படங்கள் ஒரு டொமைனிலிருந்து (தளப் பெயரிலிருந்து), எழுத்துரு இன்னொன்றிலிருந்து, விளம்பரமும் கணக்கெடுப்பு நிரல்களும் வேறு பத்திலிருந்து. ஒரே நேரத்தில் கேட்கப்படும் பெயர்களால் பெரிய நட்டமில்லை. ஒரு நிரல் வந்து இறங்கி, அது இன்னொரு டொமைனைக் கூப்பிட்டு, அது மூன்றாவதைக் கூப்பிடும் சங்கிலிதான் சிக்கல். அங்கே ஒவ்வொரு தாமதமும் அடுத்ததன் தலையில் ஏறும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வெள்ளைத் திரைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சாதாரண டிஎன்எஸ் கேள்வி யுடிபி முறையில் போகிறது. வழியில் தொலைந்தால் ‘தொலைந்துவிட்டது’ என்று சொல்ல ஆள் கிடையாது. கேட்ட கணினிதான் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். பல லினக்ஸ் கணினிகளில் அந்தக் காத்திருப்பு இயல்பாகவே 5 நொடி. ஆகவே சராசரியாக 12 மில்லிவினாடியில் பதில் சொல்லி, நூற்றில் இரண்டு கேள்விகளைத் தவறவிடும் ரிசால்வரைவிட, 25 மில்லிவினாடியில் பதில் சொல்லி எதையும் தவறவிடாத ரிசால்வர் எவ்வளவோ மேல். தொலைந்த அந்த இரண்டுதான் நம் பொறுமையைத் தின்னும்.

டிஎன்எஸ் மாற்றினாலும் மேம்படாதவற்றையும் சொல்லிவிடுகிறேன்: பதிவிறக்க வேகம், விளையாட்டின் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்), ஓடத் தொடங்கிவிட்ட வீடியோவின் தரம். முகவரி கிடைத்து இணைப்பு உருவான பிறகு ரிசால்வருக்கு அங்கே வேலை இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது ஐந்தாம் படியில் வருகிறது.

படி 1: இப்போது எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘/ஆல்’ சேர்த்துக் கொடுங்கள் (ipconfig /all; கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). ‘டிஎன்எஸ் சர்வர்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். மேக்கில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் வைஃபை, டீட்டெயில்ஸ், டிஎன்எஸ் என்று போனால் தெரியும்.

192.168.1.1 போன்ற எண் வந்தால் அது உங்கள் ரூட்டர். உண்மையான ரிசால்வர் எது என்பது ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய, மலிவான ரூட்டர்கள் டிஎன்எஸ் கேள்விகளை வாங்கிக் கடத்துவதிலேயே திணறும். ரிசால்வர் நன்றாக இருக்கும், நடுவில் நிற்கும் பெட்டிதான் மெதுவாக இருக்கும்.

பிரவுசரையும் பாருங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் ‘செக்யூர் டிஎன்எஸ்’ அல்லது ‘டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்’ என்ற அமைப்பு உண்டு. அதில் தனியாக ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தால், கணினியில் என்ன மாற்றினாலும் பிரவுசர் தன் வழியில்தான் போகும்.

படி 2: குற்றவாளி டிஎன்எஸ்தானா?

கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், சில நாட்களாகப் போகாத ஒரு தளத்தைத் திறங்கள். பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கி ‘டைமிங்’ பாருங்கள். ‘டிஎன்எஸ் லுக்அப்’ எவ்வளவு, இணைப்புக்கு எவ்வளவு, சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும்.

ஐந்தாறு தளங்களில் இப்படிப் பாருங்கள். டிஎன்எஸ் 20, 30 மில்லிவினாடிக்குள் இருந்து, சர்வர் பதிலுக்கான காத்திருப்பு 800 என்று காட்டினால் அந்தத் தளமே மெதுவானது. எந்த ரிசால்வரும் அதைச் சரிசெய்யாது, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டிஎன்எஸ் 100-ஐத் தாண்டினாலோ, திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறினாலோ அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: அளவெடுப்பது

மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் ‘டிக்’ (dig) என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டி, இடைவெளி விட்டு @1.1.1.1 என்று ரிசால்வரின் எண், மறுபடி இடைவெளி விட்டுத் தளத்தின் பெயர். விடையின் கீழே ‘குவெரி டைம்’ என்று மில்லிவினாடியில் வரும். விண்டோஸ்காரர்களுக்கு ஜிஆர்சி தளத்தின் ‘டிஎன்எஸ் பெஞ்ச்மார்க்’ கருவி வசதி. பல ரிசால்வர்களை ஒரே சமயத்தில் சோதித்து வரைபடமாகக் காட்டும்.

இரண்டு வகையாக அளக்க வேண்டும். முதலாவது, எல்லோரும் போகும் ஒரு பெரிய தளத்தின் பெயரை அடுத்தடுத்து ஐந்து முறை கேளுங்கள். விடை ஏற்கெனவே ரிசால்வரின் கேஷில் இருக்கும் என்பதால், இந்த எண் உங்களுக்கும் ரிசால்வருக்கும் இடையிலான தொலைவைச் சொல்கிறது. இரண்டாவது, அவ்வளவாக யாரும் போகாத சிறு தளங்களின் பெயரைக் கேளுங்கள். இங்கே ரிசால்வர் வெளியே போய் விசாரித்து வர வேண்டும். இந்த எண் அதன் உழைப்பைச் சொல்கிறது. (பெரிய சேவைகளில் ஒரே எண்ணுக்குப் பின்னால் பல இயந்திரங்கள் இருப்பதால், கேட்ட பெயரையே மறுபடி கேட்டாலும் சில நேரம் மெதுவாக வரும். பதற வேண்டாம்.)

காலையில் ஒருமுறை, இரவு எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் ஒருமுறை என்று இரண்டு மூன்று நாள் எடுங்கள். சராசரியை மட்டும் எழுதிவைக்காதீர்கள். வந்ததிலேயே மோசமான எண் எது, எத்தனை கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முடிவெடுப்பது இந்தக் கடைசி இரண்டை வைத்துத்தான்.

படி 4: யாரையெல்லாம் சோதிப்பது

இப்போது இருக்கும் இணைய நிறுவனத்தின் ரிசால்வரையும் போட்டியில் சேருங்கள். அது உங்களுக்கு மிக அருகில் இருப்பதால் பல நேரம் அதுவே வெல்லும். அதைக் காரணமில்லாமல் ஒதுக்குவது தவறு.

பொதுச் சேவைகளில் நான்கு போதும்:

- கூகுள்: 8.8.8.8, 8.8.4.4. 2009 முதல் இருக்கிறது.
- கிளவுட்ஃபிளேர்: 1.1.1.1, 1.0.0.1. 2018-ல் வந்தது. தீங்கான தளங்களைத் தடுக்க 1.1.1.2, அதோடு வயதுவந்தோர் தளங்களையும் தடுக்க 1.1.1.3.
- குவாட்9: 9.9.9.9. 2017-ல் வந்தது. தீங்கான தளங்களின் பெயருக்கு விடை தர மறுக்கும். வேகத்தைவிட இந்தப் பாதுகாப்புக்காகவே பலர் இதை வைத்திருக்கிறார்கள்.
- ஓப்பன்டிஎன்எஸ்: 208.67.222.222, 208.67.220.220. 2006-ல் தொடங்கியது, இப்போது சிஸ்கோவின் கையில்.

இவை ஒரே ஐபி எண்ணை உலகின் பல இடங்களிலிருந்து அறிவிக்கும் ‘எனிகாஸ்ட்’ முறையில் ஓடுகின்றன. 1.1.1.1 என்பது ஒரு கணினி அல்ல. உங்கள் கேள்வி அதன் எந்த நிலையத்துக்குப் போகும் என்பது உங்கள் இணைய நிறுவனம் வைத்திருக்கும் பாதையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில், வேறு நிறுவனத்தின் இணைப்பில், அதே 1.1.1.1 இன்னொரு நகரத்திலிருந்து பதில் சொல்லலாம். அடுத்தவரின் ‘வேகமான டிஎன்எஸ்’ பட்டியல் உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

படி 5: விடை உங்களை எங்கே அனுப்புகிறது?

பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடும் இடம் இது.

பெரிய தளங்கள் தங்கள் படங்களையும் வீடியோக்களையும் உலகெங்கும் பிரதி எடுத்து வைத்திருக்கின்றன. இதற்கு சிடிஎன் என்று பெயர். உங்களுக்கு அருகிலுள்ள பிரதி எது என்பதைப் பல சிடிஎன்கள் டிஎன்எஸ் விடை மூலமாகவே தீர்மானிக்கின்றன. ஆனால் அந்த அதிகாரபூர்வ சர்வரிடம் கேள்வி கேட்பது நீங்கள் இல்லையே, ரிசால்வர்தானே. அதனால் அது ரிசால்வர் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பிரதியைக் கொடுக்கும். ரிசால்வர் வேறு நாட்டில் இருந்தால் நீங்களும் அந்த நாட்டுப் பிரதிக்கே அனுப்பப்படுவீர்கள். டிஎன்எஸ்ஸில் 10 மில்லிவினாடி மிச்சம் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகான ஒவ்வொரு போய்வரலிலும் 80 மில்லிவினாடி இழப்பீர்கள்.

இதற்கு ஒரு மருந்து உண்டு: உங்கள் ஐபி முகவரியின் முன்பகுதியை மட்டும் ரிசால்வர் சேர்த்து அனுப்புவது. கூகுள் இதைச் செய்கிறது. கிளவுட்ஃபிளேர் தனியுரிமை கருதிச் செய்வதில்லை, தன் நிலையங்கள் பயனருக்கு அருகிலேயே இருப்பதை நம்பியிருக்கிறது. குவாட்9-ல் 9.9.9.9 அனுப்பாது, 9.9.9.11 அனுப்பும். இரண்டு நிலைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் இடத்தின் அருகே கிளவுட்ஃபிளேர் நிலையம் இருந்தால் தனியுரிமையும் வேகமும் சேர்ந்தே கிடைக்கும்.

சோதிப்பது எளிது. நீங்கள் அதிகம் பார்க்கும் ஒரு வீடியோ அல்லது படத் தளத்தில் எஃப்12 வழியாகப் படங்கள் எந்த டொமைனிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். அந்த டொமைனை ஒவ்வொரு ரிசால்வரிடமும் ‘டிக்’ மூலம் கேளுங்கள் (விண்டோஸில் ‘என்எஸ்லுக்அப்’ (nslookup), இடைவெளி, பெயர், இடைவெளி, ரிசால்வர் எண்). வரும் ஐபி முகவரிகளுக்கு ‘பிங்’ கொடுங்கள். ஒரு ரிசால்வர் தந்த முகவரி 8 மில்லிவினாடியிலும், இன்னொன்று தந்தது 95-லும் பதில் சொன்னால் எதைத் தேர்வது என்பதில் குழப்பமே இல்லை. சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது. அப்போது வேறு தளத்தை வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு தளங்களுக்குச் செய்தாலே போக்கு தெரிந்துவிடும்.

படி 6: மாற்றுவது

ரூட்டரில் மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேரும். ஆனால் முதலில் ஒரு கணினியில் மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய எண்களை எங்காவது குறித்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸ் 11: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ பக்கத்தில் எடிட் அழுத்தி, மேனுவல் தேர்ந்தெடுத்து எண்களைக் கொடுங்கள்.

மேக்: முதல் படியில் பார்த்த அதே டிஎன்எஸ் பகுதியில் கூட்டல் குறியை அழுத்திச் சேர்க்கலாம்.

ஐஃபோன்: செட்டிங்ஸ், வைஃபை, நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்திலுள்ள தகவல் குறி, ‘கான்ஃபிகர் டிஎன்எஸ்’, மேனுவல். இது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான்.

ஆண்ட்ராய்டு 9 முதல்: நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’. இங்கே எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, சேவையின் பெயரைத்தான் கேட்கும். கூகுளுடையது, ‘டிஎன்எஸ்’, ஒரு புள்ளி, ‘கூகுள்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியில்லாமல். இது மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ஐபிவி4 எண்ணை (ஐபி முகவரியின் பழைய வடிவம்) மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6-ஐ (புதிய வடிவம்) மறப்பது. உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் கேள்விகள் பழைய ரிசால்வருக்கே போய்க்கொண்டிருக்கும். கூகுளின் ஐபிவி6 எண் 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருடையது 2606:4700:4700::1111. இரண்டாவது தவறு, ‘இரண்டாம் டிஎன்எஸ்’ என்பது முதலாவது செத்தால் மட்டும் பயன்படும் என்று நம்புவது. இயங்குதளத்தைப் பொறுத்து எதை வேண்டுமானாலும் கேட்கும். தடுப்பு வசதியுள்ள ஒன்றையும் இல்லாத ஒன்றையும் சேர்த்துப் போட்டால், தடுப்பு சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஒரே சேவையின் இரண்டு எண்களையே கொடுங்கள்.

படி 7: துடைத்துவிட்டு மறுபடி அளப்பது

பழைய விடைகள் கேஷில் இருக்கும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘/ஃபிளஷ்டிஎன்எஸ்’ (/flushdns) சேர்த்துக் கொடுத்தால் துடைத்துவிடும். மற்றவற்றில் கருவியை அணைத்துப் போடுவதே எளிய வழி. துடைத்த உடனே எல்லாப் பெயரையும் புதிதாகக் கேட்க வேண்டியிருப்பதால் சற்று மெதுவாகத் தோன்றும். பத்து நிமிடம் உலாவிவிட்டு இரண்டாம், மூன்றாம் படிகளைத் திரும்பச் செய்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்.

மறையாக்கம் வேகத்தைக் குறைக்குமா?

சாதாரண டிஎன்எஸ் கேள்வியை வழியில் இருக்கும் யாரும் படிக்கலாம். அதை மறைக்க ‘டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ்’ 2016-லும், ‘டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்’ 2018-லும் தரநிலைகளாக வந்தன. முதல் இணைப்புக்குக் கூடுதலாகச் சில போய்வரல்கள் ஆகும். அதன்பின் அதே இணைப்பு திறந்தே இருப்பதால் வித்தியாசம் சொற்பம். சிக்னல் சரியில்லாத மொபைல் இணைப்பில் இது உதவக்கூடச் செய்யும். தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) திரும்ப அனுப்பும் வேலையை டிசிபி என்ற இணைப்பு முறையே பார்த்துக்கொள்வதால், பல நொடிக் காத்திருப்பு குறைகிறது. நான் எப்போதும் மறையாக்கத்தோடுதான் வைத்திருக்கிறேன். சில மில்லிவினாடிக்காக அதை விடத் தோன்றவில்லை.

மாற்றிய பிறகு வரக்கூடிய சிக்கல்கள்

ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராமல் போகலாம். அந்தப் பக்கம் பெரும்பாலும் அவர்களுடைய டிஎன்எஸ்ஸை நம்பித்தான் வரும். பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக அணைத்து, உள்ளே நுழைந்தபின் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தின் உள் தளங்கள் திறக்காவிட்டாலும் காரணம் இதுவே. அந்தப் பெயர்கள் வெளி ரிசால்வருக்குத் தெரியாது. விபிஎன் போட்டிருக்கும்போது பெரும்பாலும் அதன் டிஎன்எஸ்தான் ஓடும், அப்போது எடுத்த அளவுகளை இதோடு கலக்காதீர்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் எந்த ரிசால்வரிலும் கிடைக்கவில்லை என்றால் பிழை உங்கள் பக்கம் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் அதிகாரபூர்வ டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதையே இணையத்திலிருந்து மறைந்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை. விடை வைத்திருப்பவரே இல்லாதபோது 8.8.8.8-ஆலும் ஒன்றும் செய்ய முடியாது.

இணைய நிறுவனத்தை மாற்றினாலோ, ரூட்டரை மாற்றினாலோ மூன்றாம், ஐந்தாம் படிகளை மட்டும் மறுபடி செய்யுங்கள். ஒன்றும் மாறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். பாதைகள் நமக்குத் தெரியாமலே மாறுகின்றன, புது நிலையங்கள் வருகின்றன. எப்போதாவது எல்லாம் குழம்பிவிட்டால் அதே செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.